தம்பி முன் இருக்கைக்குப் போன வருடம்

என் தம்பி விமானப்படையில் அதிகாரியாக இருந்தான். ஆனால் விமானம் ஓட்டுபவன் இல்லை. இந்த வித்தியாசம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் விளங்கவில்லை. அக்கரப்பத்தனைப் பக்கத்தில் நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து அப்படியொரு சீருடை போட்டுக்கொண்டு போன முதல் ஆள் அவன். சீருடையும் விமானமும் சேர்ந்தால் பைலட்தான் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். அப்பாவும் அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தம்பியின் வேலை கடலைக் கண்காணிக்கும் விமானத்தில். முன்னால் இரண்டு விமானிகள் உட்கார்ந்து ஓட்டுவார்கள். இவன் பின்னால், வெளியே சரியாகப் பார்க்கக்கூட முடியாத ஓர் இருக்கையில், ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். திரையில் கடல் சாம்பல் நிறத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தால் அது படகா, மிதக்கிற மரமா, வெறும் நுரையா என்று சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எவ்வளவு நேரம் சுற்றலாம் என்று முன்னால் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். எட்டு வருடம் அதைச் செய்தான். மிக நன்றாகச் செய்தான் என்று அவனோடு வேலை செய்த ஒருவர் பிறகு என்னிடம் சொன்னார்.

அம்மா, நான் பதினாறு வயதில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடம் இறந்துபோனார். அதற்குப் பிறகு வீட்டில் மூன்று பேர்தான். அப்பா தோட்டத்து லொறி டிரைவர். மலையில் எடைபோட்ட தேயிலைக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு ஃபெக்டரிக்குக் கொண்டுபோவார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சரானேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

ஒரு தீபாவளிக்கு முன்னால் மூவரும் துணி எடுக்க ஹட்டனுக்குப் போனோம். அந்தத் துணிக்கடை முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். அப்பாவுக்குப் பல வருடப் பழக்கம். தம்பியைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாங்க தம்பி, வாங்க. பிளேன் ஓட்டுறீங்களாமே! அப்பா சொல்லிச் சொல்லி எங்களுக்கே பெருமையா இருக்கு.”

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. “இல்லைங்க முதலாளி. ஓட்டுறது வேற ஆளு. நான் பின்னால உக்காந்து பாத்துச் சொல்றவன்.”

அப்பா காதில் விழாதவர் போல ஒரு சட்டைத் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில், தலவாக்கலை தாண்டிய பிறகு தம்பியின் பக்கம் குனிந்து கேட்டார்.

“அப்ப நீ கிளீனரா?”

அதில் கிண்டல் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்பாவே டிரைவராவதற்கு முன்னால் ஒன்பது வருடம் லொறியில் கிளீனராக இருந்தவர். ஏற்றத்தில் லொறி நின்றால் இறங்கி ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பதும், பின்னால் எடுக்கும்போது “வரட்டும், வரட்டும்” என்று கத்துவதும் அவர் வேலையாக இருந்தது.

தம்பி சிரித்தான். “கிட்டத்தட்ட அப்படித்தான்பா.”

“அதுல ஒன்னும் கொறைச்சல் இல்ல,” என்றார் அப்பா. “பின்னால பள்ளம் இருக்குன்னு கிளீனர் சொல்லாட்டி டிரைவருக்கு எப்புடித் தெரியும்?” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னும் இரண்டு மூன்று வளைவு போன பிறகு, யாரிடமும் இல்லாத மாதிரிச் சொன்னார்: “ஆனா ஸ்டேரிங்ல கை வச்சா அது வேற.”

அடுத்த வருடம் தம்பி போன் செய்து, விமானிப் பயிற்சிக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னான். அப்பாவின் அந்தப் பேச்சுதான் அவனை உறுத்தியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்டும்விட்டேன்.

“அப்பாவுக்காகன்னு இல்லக்கா,” என்றான். பிறகு சொன்னான். சில மாதங்களுக்கு முன்னால் தெற்குக் கடலில் ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்து கிடந்ததை அவன்தான் திரையில் கண்டுபிடித்தான். கவிழ்ந்த படகின் மேல் மூன்று பேர் இருந்தார்கள். விமானத்தில் எரிபொருள் திரும்பி வருவதற்கு மட்டும்தான் இருந்தது. கப்பலுக்குச் செய்தி சொல்லிவிட்டு, அங்கேயே சுற்றிக்கொண்டிருக்காமல் விமானி தளத்துக்கே வந்துவிட்டார். கப்பல் போய்ச் சேர்ந்தபோது படகின் மேல் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

“அவரு செஞ்சது சரிதான்க்கா. நான் அந்த எடத்துல இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். ஆனா பாக்குறது நான், திருப்புறது இன்னொருத்தர்னு இருக்கிறத என்னால இதுக்கு மேல தாங்க முடியல. பாத்தா அந்தப் பக்கம் நானே திருப்பணும். திருப்பாம வந்தாலும் அது நானா இருக்கணும்.”

அவனுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதைத் தாண்டினால் கேட்கவே முடியாது. ஒரே ஒரு வாய்ப்பு. கண், காது, இருதயம் என்று எல்லாவற்றையும் சோதித்து அவனை எடுத்துக்கொண்டார்கள். பல வருடம் அவனோடு பறந்த விமானி, ஒரு சிங்கள அதிகாரி, அவன் புறப்பட்ட அன்று கைகொடுத்துவிட்டு, “இனி எனக்கு யார் பார்த்துச் சொல்வது?” என்று கேட்டாராம்.

பயிற்சி முகாம் கிழக்குக் கரையில் இருந்தது. எட்டு வருடம் ஆகாயத்தில் இருந்தவன் அங்கே போய், பள்ளிக்கூடம் முடித்து நேராக வந்த இருபது வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. பறக்கச் சொல்லிக்கொடுக்கிறவர் இவனைவிட மூன்று வயது இளையவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வீடியோவில் பேசுவான். ரேடியோவில் பேசுவது, திசை பார்ப்பது, காலநிலை கணிப்பது எல்லாம் அவனுக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி. தரையிறக்குவதுதான் வரவில்லை.

“எல்லாரும் வெளிய ஓடுபாதையப் பாத்துக்கிட்டு எறக்குறாங்க. என் கண்ணு தானா உள்ள போயிருதுக்கா. மீட்டர் முள்ளையும் நம்பரையும் பாத்துக்கிட்டே இருக்கேன். சார் ஒவ்வொரு தடவையும் கத்துறாரு, வெளிய பார், வெளிய பார்னு.”

அப்பா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “அவசரப்படாத. வந்துரும்,” என்பார்.

பயிற்சி தொடங்கி இரண்டு மாதம் இருக்கும். அப்பாவுக்குச் சாப்பாடு தொண்டைக்குக் கீழே நிற்பது மாதிரி இருந்தது. முதலில் ரொட்டி இறங்கவில்லை. பிறகு சோறு. நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். உணவுக்குழாயில் புற்று. வெற்றிலை போடுவீர்களா என்று டொக்டர் கேட்டார். அப்பா தலையாட்டினார். எத்தனை வருடமாக என்று கேட்டபோது என்னைப் பார்த்தார், நான் ஏதோ பதில் வைத்திருப்பது மாதிரி.

வெளியே வந்ததும் அவர் முதலில் சொன்னது இதுதான்: “தம்பிக்குச் சொல்லாத.”

“அப்பா, அது எப்புடி?”

“சொன்னா வந்துருவான். வந்தா ஒரு வாரத்துல திரும்பிப் போவானா? போகமாட்டான். எடம் போயிரும். அவன் வயசுக்கு இன்னொரு தடவ எடுக்க மாட்டாங்க. ஒன் கையப் புடிச்சுக் கேக்குறேன்மா.”

அப்பா சொன்னதால்தான் மறைத்தேன் என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். முழுக்க அது உண்மையில்லை. எனக்கும் அவன் பைலட்டாக வேண்டும் என்று ஆசை இருந்தது. கொழுந்துக் கூடையிலும் லொறியிலும் முடிந்துபோன குடும்பத்தில் ஒருத்தனாவது அந்த முன் இருக்கையில் உட்கார வேண்டும் என்று நானும் நினைத்தேன். அப்பா கேட்காமல் இருந்திருந்தாலும் நான் சொல்லியிருப்பேனா என்பது எனக்கு நிச்சயமில்லை.

மாதத்துக்கு இரண்டு முறை கண்டிக்குப் போனோம். விடியற்காலை பஸ்ஸில் ஹட்டன், அங்கிருந்து கினிகத்தேனை வழியாக இறங்கும் பஸ். அப்பாவுக்கு டிரைவருக்குப் பின்னாலிருக்கும் சீட் வேண்டும். டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் அவர் கால் தரையில் அழுத்தும். “இந்த எடத்துல ரெண்டுல வரணும்,” என்று முனகுவார். ஒருமுறை கினிகத்தேனையில் பஸ் நின்றபோது இறங்கி, கடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். நான் முதுகைத் தடவினேன். கைக்கு எலும்புதான் தட்டுப்பட்டது. கடைக்காரப் பெண்மணி ஒரு சிங்களத்தி. எதுவும் கேட்காமல் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அப்பா எழுந்திருக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். பஸ் டிரைவர் ஹோர்ன் அடிக்கவில்லை. அப்பா ஏறியதும் அவரைப் பார்த்து, “நாங்களும் டிரைவர்மார்தான் தம்பி,” என்று சிங்களத்தில் சொன்னார். அந்த ஆள் எழுந்து தன் சீட்டில் விரித்திருந்த துவாலையை எடுத்து அப்பாவின் முதுகுக்கு வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் கஷ்டம். காலையில் எழுந்து அப்பாவுக்குச் சவரம் செய்துவிடுவேன். இரண்டு பனியன், அதன் மேல் முழுக்கைச் சட்டை, அதன் மேல் ஸ்வெட்டர். கழுத்தைச் சுற்றி மஃப்ளர். மலையில் குளிர் என்பதால் அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார வைப்பேன், முகம் சரியாகத் தெரியாமல் இருக்கட்டும் என்று. பத்து நிமிடம் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். சிரிப்பார். கையை உயர்த்திக் காட்டுவார். தம்பியும் சிரிப்பான். பேச்சு முடிந்து போனை வைத்ததும் அப்பா அப்படியே சரிந்து படுத்துக்கொள்வார். அன்று முழுக்க எழுந்திருக்க மாட்டார்.

ஆறாவது மாதத்தில் தம்பி தனியாக விமானத்தை ஏற்றி இறக்கினான். அன்று ஞாயிறு இல்லை, ஆனாலும் கூப்பிட்டான். “வெளிய பாத்தேன்பா,” என்றான். “எறங்கிருச்சு.” அப்பாவால் அப்போது பேச முடியவில்லை, குரல் காற்றாகத்தான் வந்தது. இரண்டு கைகளையும் கூப்பிக் காட்டினார். சிக்னல் சரியில்லை என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன்.

இறுதிப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா போனார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பக்கத்து லயக் காம்பரா அறையில் இருக்கும் ஓர் அக்கா மழையில் ஓடிவந்து வகுப்பு வாசலில் நின்றார். அவர் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த சோக்கட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது நினைவிருக்கிறது.

தம்பி மறுநாள் காலையில் வந்தான். எல்லோர் முன்னாலும் அவன் அழவில்லை. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தேயிலை மலைக்கு மேலே இருக்கும் மயானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். லொறியில் அப்பாவோடு வேலை செய்தவர்கள்தான் பாடையின் முன்பக்கம் பிடித்தார்கள். தம்பி கொள்ளிச்சட்டியோடு நடந்தான். மழை விடவே இல்லை.

மூன்றாம் நாள் அவன் திரும்ப வேண்டும். காலையில் பீலியில் கொட்டும் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று நான் பக்கத்தில் போனேன்.

“தம்பி, ஒன்னு சொல்லணும். அப்பாவுக்கு இது திடீர்னு வந்ததில்ல. ஏழெட்டு மாசமா எங்களுக்குத் தெரியும். ஒங்கிட்ட நான்தான் மறைச்சேன். என்னை மன்னிச்சிரு.”

அவன் முகத்தைத் துடைக்காமல் நிமிர்ந்தான்.

“எனக்கும் தெரியும்க்கா.”

“யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. பாத்தேன்.” பீலித் தண்ணீர் சத்தத்தில் அவன் குரல் மெல்லக் கேட்டது. “அப்பாவோட கைக்கடிகாரம். மொதல்ல மணிக்கட்டுல இருந்துச்சு. அடுத்த மாசம் ரெண்டு விரல் மேல ஏறியிருந்துச்சு. கையத் தூக்கிக் காட்டும்போது சட்டைக்குள்ள சரிஞ்சு போச்சு. நீ எத்தன போட்டு விட்டாலும் கை தெரியுமேக்கா. ஒரு நாள் பின்னால மேசையில ஒரு அட்டை கெடந்துச்சு. படத்தப் பெருசாக்கிப் பாத்தேன். கண்டி கிளினிக் அட்டை. எட்டு வருசமா என் வேலையே அதுதானே.”

“எப்ப பாத்த?”

“பயிற்சி தொடங்கி நாலாவது மாசம்.”

நான் பீலிக் குழாயைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு ஞாயிறும் நான் போட்டுவிட்ட பனியன்களும், அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும், அந்தப் பக்கம் இவன் சிரித்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

“தெரிஞ்சுமா வரல?”

“வந்தா போக முடியாதுக்கா. ஒரு வாரத்துக்கு மேல நின்னா அடுத்த பயிற்சிக் கோஸுக்குத் தள்ளிருவாங்க. அதுக்குள்ள வயசு போயிரும்.” மறுபடி முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டான். “நீங்க சொல்லாம இருந்தீங்க. நீங்க சொல்லாத வரைக்கும் எனக்குத் தெரியாதுன்னு வச்சுக்கலாம்னு நெனச்சேன்.”

நான் அப்போது சொன்னதைத் திரும்ப எடுக்க முடிந்தால் எடுத்துவிடுவேன்.

“பாத்தா திருப்பணும்னுதானே நீ அந்த சீட்டுக்குப் போன?”

அவன் துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். பையைக் கட்டினான். பஸ்ஸுக்குப் போகும் வழியெல்லாம் ஆட்கள் அவனை நிறுத்தித் துக்கம் விசாரித்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன், கூடப் போகவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தைப் பெரியப்பா மகனை வைத்துச் செய்தோம். அதற்கு அடுத்த வாரம் தம்பியிடமிருந்து ஒரே ஒரு சொல் செய்தியாக வந்தது: பாஸ். நான் ஒன்பது நாள் பதில் போடவில்லை. பத்தாம் நாள் ‘சந்தோசம்’ என்று எழுதினேன்.

விமானிகளுக்கு இறக்கைச் சின்னம் குத்தும் விழாவுக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு பேரை அழைக்கலாம். அவன் இரண்டு அழைப்புகளையும் எனக்கே அனுப்பியிருந்தான், யாரையாவது கூட்டிக்கொண்டு வரச் சொல்லி. பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை என்று எழுதினேன். பரீட்சை அந்த வாரத்துக்கு முன்னாலேயே முடிந்திருந்தது. விழா நடந்த காலையில் நான் வீட்டில் உட்கார்ந்து திருத்தி முடித்த தாள்களை மறுபடி எடுத்துக் கூட்டல் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு படம் வந்தது. எல்லாப் பிள்ளைகளையும் சுற்றி அம்மா, அப்பா, தங்கச்சி, மாமா என்று கூட்டம். தம்பி ஓர் ஓரத்தில் தன் பழைய விமானியோடு நின்றான். அந்தச் சிங்கள அதிகாரி எங்களுக்குப் பதிலாக வந்து நின்றிருக்கிறார். படத்தில் அவர் கை தம்பியின் தோளில் இருந்தது.

அதற்காக அவன் என்னிடம் ஒருநாளும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மாதத்துக்கு ஒருமுறை போன் செய்வான், குரல் மட்டும். சாப்பிட்டியா, மழையா, பள்ளிக்கூடம் எப்படி. நானும் அதே மாதிரி மூன்று கேள்வி கேட்பேன். இப்படியே இரண்டு வருடம் போனது. இதற்கிடையில் எனக்குக் கந்தப்பளைக்கு மாற்றம் கிடைத்தது. அங்கே ஒரு சின்ன வீட்டை எடுத்துக்கொண்டு தனியாக இருக்கிறேன். சுற்றிலும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்ட துண்டு நிலங்கள்.

போன சித்திரை லீவுக்குத் தம்பி வந்தான். அவன் வருவதாகச் சொன்னதும் என்ன சமைப்பது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. வந்தவன் முதல் நாள் முழுக்கத் தூங்கினான். நெற்றிக்கு மேலே முடி கொஞ்சம் பின்வாங்கியிருந்தது. தூங்கும் முகம் அப்படியே அப்பாவுடையது. இரண்டாம் நாள் காலையில் குசினி வாசலில் உட்கார்ந்து நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அவனும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அக்கா, அப்ப நான் வந்திருந்தா அப்பா என்ன சொல்லியிருப்பாரு?”

அவன் கேட்ட விதத்தில், இதை வெகுகாலமாகக் கேட்க நினைத்திருக்கிறான் என்று தெரிந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தேன். அவனிடம் இனிப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“திட்டியிருப்பாரு. ஏன்டா வந்தன்னு கத்தியிருப்பாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒன் கையப் புடிச்சுக்கிட்டு விட்டிருக்க மாட்டாரு.”

தம்பி கத்தியைக் கீழே வைத்தான். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அப்பா செத்த வீட்டில் அழாதவன், அன்று அழுதான். நான் அவன் முதுகில் கை வைத்தேன். பிறகு, “விழாவுக்கு நான் வேணும்னுதான் வரல. பரீட்சை ஒன்னும் இல்ல,” என்றேன்.

“தெரியும்,” என்றான்.

“ஒன்னைத் தண்டிக்கணும்னு நெனச்சேன். என்னையவே திட்டிக்கிறதுக்குப் பதிலா ஒன்னத் திட்டுறது சுலபமா இருந்துச்சு.”

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கத்தியை எடுத்தான். ஒரு கிழங்கை முழுதாக உரித்து முடித்தான்.

“எனக்கு ஓட்டப் புடிச்சிருக்குக்கா,” என்றான். “ஒவ்வொரு நாளும் ஏறி உக்காரும்போது சந்தோசமா இருக்கு. அதச் சொல்லத்தான் எனக்கு ஆளில்ல.”

“எங்கிட்ட சொல்லு,” என்றேன்.

அவன் சொல்லத் தொடங்கினான். மேகத்துக்கு மேலே ஏறும்போது வெளிச்சம் எப்படி மாறும் என்று சொன்னான். எங்கள் மலைகளுக்கு மேலே ஒருமுறை போனபோது கீழே முழுக்க மூடியிருந்தது, எது எந்த மலை என்றே தெரியவில்லை என்றான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பில் உலை கொதித்துப் பொங்கி வழிந்தது. யாரும் எழுந்து போகவில்லை.